கல்லூரி சேர்க்கைக்கு 9,800 டாலர் ஆலோசகர் தேவையா?

டாலஸ் புறநகர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. வரும் ஏப்ரலில் 16 வயது முடிகிறது. வகுப்பு ரேங்க் முதல் 8 சதவீதத்துக்குள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. தெரிந்த குடும்பம் ஒன்று சொன்னதன் பேரில் தனியார் கல்லூரி ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்குப் போயிருக்கிறார்கள். இப்போது தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை மொத்தம் 9,800 டாலர், மூன்று தவணை. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் ஆயிரம் குறையும். "எங்கள் மாணவர்களில் 80 சதவீதம் பேர் முதல் 30 கல்லூரிகளில்" என்று வரவேற்பறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்களாம். கையில் கொடுத்த மாதிரித் திட்டத்தில் இருந்தவை: பள்ளியின் மார்ச்சிங் பேண்டை (அணிவகுப்பு இசைக்குழு) விட்டுவிட வேண்டும், ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க வேண்டும், ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டும், கோடையில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். எஸ்ஸேக்களை அவர்களே 'மெருகேற்றி'த் தருவார்கள்.

கணவருக்கு இதில் உடன்பாடில்லை. "நான் யாரைக் கேட்டு அண்ணா யுனிவர்சிட்டியில் சேர்ந்தேன்? மார்க் இருந்தது, கூப்பிட்டார்கள்" என்கிறார். மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரின் பொறுப்பிலோ 400 பிள்ளைகள். இரண்டு வருடத்தில் பையனோடு பத்து நிமிடம்கூடப் பேசியதில்லை. பையன் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மா, அவங்க என்னை ஒரு கேள்விகூடக் கேக்கலை."

அம்மாவின் கேள்வி இது: "பணத்துக்குப் பார்த்து அவன் எதிர்காலத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு ஆலோசனை தேவை?"

கடிதம் முடிகிற இடத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "நாங்கள் இன்னும் எச்1பி-யில்தான் இருக்கிறோம், க்ரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறோம், அவன் எச்-4." (எச்1பி வேலை விசா; எச்-4 அதைச் சார்ந்து கணவன்/மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைப்பது.)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பள்ளிக் கவுன்சிலராக இருந்துவிட்டு, இப்போது மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு தனியாக ஆலோசனை சொல்கிறேன். ஆகவே நான் சொல்வதையும் கொஞ்சம் தட்டிப் பார்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தேவை என்று கேட்டீர்கள். உங்கள் மகனைப் போல ஒழுங்காகப் படிக்கிற, என்ன படிக்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்த பிள்ளைக்கு, வெளியாள் உதவி மொத்தமாகப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் போதும் என்பது என் அனுபவம். இப்போது ஒரு மணி நேரம். பதினோராம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில், கல்லூரிப் பட்டியல் போடும்போது இரண்டு மணி நேரம். மிச்சமெல்லாம் அதற்கடுத்த கோடையில், அவன் எழுதிய எஸ்ஸேக்களை இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்பதற்கு. கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகள், பள்ளி மாறிக்கொண்டே இருந்தவர்கள், விளையாட்டு வழியாகவோ இசை ஆடிஷன் வழியாகவோ போகிறவர்கள் ஆகியோருக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் அந்தக் கணக்கில் வரவில்லை.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அங்கே கட்-ஆஃப் என்று ஒரு எண் இருந்தது, அந்த எண்ணே எல்லாவற்றையும் முடிவு செய்தது. இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அப்படி இல்லை. ஆனால் நீங்கள் இருப்பது டெக்சஸ். 1997-இல் போட்ட சட்டப்படி, பள்ளி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் விதிவிலக்கு. அங்கே 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம் என்று இறுக்கிவிட்டார்கள். ஆக 8 சதவீதத்தில் நிற்கும் பையனுக்கு ஆஸ்டின் உறுதியில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் உள்ளிட்ட மற்றவற்றில், இதே ரேங்க் நிலைத்தால், சட்டப்படி இடம் இருக்கிறது. அமெரிக்காவில் உங்கள் கணவரின் கட்-ஆஃபுக்குக் கிட்டத்தட்ட வருவது இதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இரண்டு எச்சரிக்கை. இந்தச் சட்டம் கல்லூரிக்குள் விடுகிறதே தவிர, கேட்ட துறையைக் கொடுப்பதில்லை. ஊரில் கவுன்சலிங் நடக்கும்போது கல்லூரியையும் பிரிவையும் சேர்த்தே தேர்ந்தெடுப்போம். இங்கே தானாகக் கிடைத்த இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் போகலாம், அதற்குத் தனிப் போட்டி. இரண்டாவது, இந்தச் சலுகைக்கு மகனின் பள்ளிப் பாடத்திட்டம் 'டிஸ்டிங்விஷ்டு லெவல் ஆஃப் அச்சீவ்மென்ட்' என்ற நிலையில் முடிய வேண்டும். அவன் அந்தப் பாதையில் இருக்கிறானா என்று பள்ளிக் கவுன்சிலரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். 9,800 டாலர் திட்டத்தில் இந்தக் கேள்வியை எவரும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

விசாவும் கட்டணமும்

இப்போது அந்தக் கடைசி வரி. எச்-4 பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் தெரிவது கல்லூரி வாசலில்தான்.

எச்-4-இல் இருப்பவர் ஃபாஃப்சா என்ற நிதியுதவி விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவிக்கோ கடனுக்கோ தகுதி பெறமாட்டார். பல தனியார் கல்லூரிகள் நிதியுதவி விஷயத்தில் இந்தப் பிள்ளைகளை வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் சேர்க்கின்றன, இங்கேயே கிண்டர்கார்டனிலிருந்து படித்திருந்தாலும் சரி. கல்லூரி இணையதளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' என்று ஒன்று இருக்கும். மத்திய உதவி பெறும் கல்லூரிகள் அதை வைத்தே ஆக வேண்டும் என்பது 2011 முதல் விதி. அதில் உங்கள் வருமானத்தைப் போட்டு வருகிற தொகையை நம்பிவிடாதீர்கள், அது குடியுரிமையோ க்ரீன் கார்டோ உள்ள குடும்பத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. அதைவிடப் பயன்படுவது, கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்'. அதில் எச்6 என்ற பகுதியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு உதவி கொடுத்தார்கள் என்று இருக்கும். சி7 பகுதியில், சேர்க்கையில் மதிப்பெண், கட்டுரை, சிபாரிசுக் கடிதம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று அட்டவணை போட்டிருப்பார்கள். பெயரையும் 'காமன் டேட்டா செட்' என்பதையும் சேர்த்துத் தேடினால் பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கிடைத்துவிடும். செலவு எதுவும் இல்லை.

அரசுப் பல்கலைக்கழகத்தில் இன்-ஸ்டேட் கட்டணமா (அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம்), வெளி மாநிலக் கட்டணமா என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் மூன்று, நான்கு மடங்கு வித்தியாசம் வரும். டெக்சஸில் எச்1பி பெற்றோர் இங்கேயே நிரந்தரமாக வசிப்பதைக் காட்டி, பிள்ளைக்கு இன்-ஸ்டேட் கோர முடியும். ஆனால் 2025 ஜூனில் டெக்சஸின் இன்-ஸ்டேட் சட்டத்தில் ஒரு பகுதியை மத்திய நீதிமன்றம் நிறுத்திவிட்டது. அது சட்டப்படி தங்கியிராதவர்களைப் பற்றியது, உங்களைப் பற்றியது அல்ல. இருந்தாலும் காகிதங்களைக் கூடுதலாகத் துருவிப் பார்க்கிற காலம் இது. மனதில் இருக்கும் இரண்டு, மூன்று பல்கலைக்கழகங்களில், யாருக்கு எந்தக் கட்டணம் என்று முடிவு செய்யும் ரெசிடென்சி அலுவலகத்துக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது நாளைக்கு நிற்காது.

அடுத்தது வயது. மகன் 18-இல் பள்ளி முடிக்கிறான். கல்லூரி மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் 21 ஆகிவிடும். அன்றோடு எச்-4 முடிகிறது. க்ரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மாறினால் இன்-ஸ்டேட் கட்டணம் நிலைக்குமா? அதே மின்னஞ்சலில் இதையும் கேளுங்கள். வேறொரு கோணமும் இருக்கிறது. எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. எச்-4-க்கு வேலை அனுமதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது குறிப்பிட்ட சில கணவன்/மனைவியருக்கு மட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனுக்குக் கோடை இன்டர்ன்ஷிப் எவ்வளவு முக்கியம் என்று உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். எஃப்-1-க்கு மாறினால் அதற்கு வழி உண்டு, எச்-4-இல் இல்லை. எப்போது மாறுவது என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வழக்கறிஞர் இல்லை. கல்லூரி ஆலோசகர்கள் பலரும் இல்லை. கணவரின் ஐ-140 (க்ரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் கொடுக்கும் மனு) எப்போது தாக்கலானது, எப்போது ஒப்புதல் கிடைத்தது என்ற தேதிகளை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் செலவழிக்கப் போகும் ஆலோசனைப் பணத்தில் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரம் அதுவாக இருக்கும்.

அந்த நிறுவனம் கொடுத்த மாதிரித் திட்டத்தில் 'சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப்' என்று இருந்ததே, நினைவிருக்கிறதா? உங்கள் மகன் அதைச் செய்திருந்தால் அவனுடைய விசா நிலைக்கே ஆபத்து. யார் வந்தாலும் அச்சடித்து நீட்டுகிற தாள் அது.

பள்ளிக் கவுன்சிலரைக் கைவிடாதீர்கள்

400 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கம் ஒருவருக்கு 250 மாணவர் என்று பரிந்துரைக்கிறது. 2023-24 கல்வியாண்டில் நாட்டின் சராசரி 376. உங்கள் பள்ளி அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கால அட்டவணை மாற்றம், அழுதுகொண்டு வந்து நிற்கும் பிள்ளை, தேர்வு மேற்பார்வை எல்லாம் போகத்தான் கல்லூரி.

ஆனால் மார்க்‌ஷீட்டை அனுப்புவது, பள்ளியைப் பற்றிய விவரத்தாளை இணைப்பது, கல்லூரி கேட்டால் கவுன்சிலர் கடிதம் எழுதுவது எல்லாம் அவர்தான். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் தனியார் ஆலோசகர் அந்த இடத்தில் கையெழுத்துப் போட முடியாது. அதனால் அவருக்கு உங்கள் மகனைத் தெரிந்திருக்க வேண்டும். மகனையே போகச் சொல்லுங்கள். முன்கூட்டி நேரம் கேட்டு, மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம். நீங்கள் கூடப் போக வேண்டாம்.

பதினோராம் வகுப்பின் முடிவில் பல பள்ளிகள், பிள்ளையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி, பெற்றோருக்கு 'பிராக் ஷீட்' என்று ஒரு படிவம் கொடுக்கும். நம்மவர்கள் அதில் "ஹார்ட் வொர்க்கிங், ரெஸ்பான்சிபிள், வெரி இன்டெலிஜென்ட்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாலையில் அப்படி முப்பது தாள்களைப் படித்திருக்கிறேன், ஒரு பிள்ளையின் முகமும் நினைவில் நிற்காது.

பேண்டை ஏன் விட வேண்டும்?

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு குறை சொல்லியிருக்கிறீர்கள். ஆறு வருடம் கற்ற மிருதங்கத்தை நிறுத்திவிட்டு, பள்ளி பேண்டின் டிரம்லைனில் சேர்ந்துவிட்டான்; ஆகஸ்ட் வெயிலில் பார்க்கிங் லாட்டில் நின்றுகொண்டு, தாளம் பிடிபடாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "தகிட தகிட, தகதிமி" என்று சொல்லிக் கொடுக்கிறான்; அதுகளும் அதையே திருப்பிச் சொல்லி அடிக்கின்றன என்று. நேரத்தை வீணாக்குவதாக எழுதியிருந்தீர்கள். நான் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். பிராக் ஷீட்டில் நீங்கள் எழுத வேண்டியது அதுதான்! பெயரடை ஒன்றும் வேண்டாம். வெயில், பார்க்கிங் லாட், தமிழே தெரியாத பிள்ளைகள், தகிட. அதைப் படிக்கிற கவுன்சிலர் தன் கடிதத்தில் அதை எழுதாமல் விடமாட்டார்.

பேண்டை விட்டுவிட்டு அவன் தொடங்கப் போகும் தொண்டு நிறுவனம் எதற்காக? யாருக்கு? சேர்க்கை அலுவலகங்களில் இப்போது பதினாறு வயது நிறுவனத் தலைவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையும் அப்படித்தான், பணம் கட்டினால் வெளியிடுகிற பத்திரிகைகள் நிறைய வந்துவிட்டன. பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான். நான்கு வருடம் ஒரே இடத்தில் நின்று, பொறுப்பேற்று, சின்னவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த 150 எழுத்தில் அழகாக அடங்கும்.

எஸ்ஸேயை 'மெருகேற்றுவது' பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. காமன் ஆப்பின் முதன்மைக் கட்டுரைக்கு 650 சொல் வரம்பு. விண்ணப்பத்தை அனுப்பும்போது, இது என்னுடைய சொந்த வேலை என்று மாணவனே ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறான். வேறொருவர் எழுதித் தந்தாலும் ஏஐ எழுதித் தந்தாலும் அது மோசடி. பிறகு தெரியவந்தால் கிடைத்த இடம் போகலாம். 'இந்த இடத்தில் நீ என்ன நினைத்தாய்?' என்று ஓரத்தில் கேட்டு எழுதுவது உதவி. வாக்கியத்தையே மாற்றி எழுதுவது உதவியில் சேராது. வழக்கமாக இந்த வேலையை ஆங்கில ஆசிரியரே நன்றாகச் செய்துவிடுவார், கேட்டால்.

கையெழுத்துப் போடும் முன்

அந்த நிறுவனம் மோசமானது என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவர்களைத் தெரியாது. ஆனால் சிலவற்றைக் கேட்காமல் காசோலை எழுதாதீர்கள். இந்தத் தொழிலுக்கு இங்கே உரிமம் என்று ஒன்று கிடையாது, நாளைக்கே யாரும் பலகை மாட்டலாம். ஐஈசிஏ, எச்ஈசிஏ போன்ற தொழில்முறைச் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு நெறிமுறைகளும் உண்டு. ஆலோசகர் அவற்றில் உறுப்பினரா என்று கேட்கலாம்.

சுவரில் இருந்த 80 சதவீதம் எத்தனை பேரில் 80? இருபது பேரிலா, இருநூறு பேரிலா? சேர்ந்தார்களா, இடம் கிடைத்ததா? 'முதல் 30' யாருடைய பட்டியல்? அந்தப் பிள்ளைகளில் பலர் ஆலோசகர் இல்லாமலும் அங்கே போயிருப்பார்கள். பத்தாயிரம் டாலர் செலவழிக்கும் வீட்டில் ஏற்கெனவே எல்லா வசதியும் இருக்கும். உங்களுக்குச் சொன்ன அந்தக் குடும்பமும் அப்படித்தானோ என்னவோ.

உங்கள் மகனோடு உட்காரப் போகிறவர் யார்? பேசி முடித்தவரா, கல்லூரியை இப்போதுதான் முடித்த ஒரு பகுதிநேர ஊழியரா? நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு திரும்ப வரும்? இவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காமன் ஆப் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். 'எங்களுக்கு உள்ளே ஆள் தெரியும்' என்று ஜாடையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி உள்ளே ஆள் பிடித்துப் பணம் வாங்கிய ரிக் சிங்கர் என்பவரின் கதை 2019-இல் வெளியே வந்தது. அவருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை. பணம் கொடுத்த பெற்றோர் பலரும் உள்ளே போனார்கள்.

மாதக் கடைசி தள்ளுபடி உங்கள் பயத்தின் மேல் கட்டியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மாதத்தில் முடிந்துபோகிற எதுவும் கல்லூரிச் சேர்க்கையில் இல்லை. காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-இல் திறக்கும், உங்களுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதுதான். உதவி வேண்டும் என்று அப்போது தோன்றினால், மணிக்கணக்கில் வாங்கக்கூடியவர்கள் கிடைப்பார்கள்.

பணத்தை மிச்சம் பிடித்தால் பிள்ளையைக் கெடுத்துவிடுவோமோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஊரில் இருந்திருந்தால் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லியிருப்பார்கள். இங்கே கேட்க ஆளில்லாத இடத்தில்தான் இந்த நிறுவனங்கள் வந்து நிற்கின்றன. ஆனால் 9,800 டாலர் என்பது இன்-ஸ்டேட் கட்டணத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடப் பணம். மத்திய அரசு நிதியுதவிக்குத் தகுதியில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் சின்ன விஷயமில்லை.

இந்த வாரம் அந்த நிறுவனத்துக்கு, "இப்போதைக்கு வேண்டாம், தேவைப்பட்டால் பிறகு கூப்பிடுகிறோம்" என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். ரெசிடென்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சலை மகனையே எழுதச் சொல்லுங்கள், அவன் விஷயம் அவனுக்குத் தெரியட்டும். அவர்கள் பதிலும் வழக்கறிஞர் சொன்னதும் கைக்கு வந்த பிறகு மறுபடி எனக்கு எழுதுங்கள். எந்தெந்தக் கல்லூரி என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.